தோமா காத்திருந்த எட்டு நாள்

"ஜெபம் பண்ண உக்காந்தா யாரும் கேக்குற மாதிரியே இல்லண்ணே." இதைச் சொல்கிறவரின் குரல் தானாகத் தணிந்துவிடும். ஆலயத்துக்குள்ளே சொல்லமாட்டார், ஆராதனை முடிந்து, வெளியே டீக்கடைப் பெஞ்சில், பக்கத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். கடன் இருப்பதைச் சபையில் சொல்லலாம், சர்க்கரை ஏறியதைச் சொல்லலாம், மகனுக்கு வேலை கிடைக்காததை ஜெபக்குறிப்பாகவே எழுதிக் கொடுக்கலாம். விசுவாசம் ஆட்டம் காண்கிறது என்று எழுதிக் கொடுக்கப்பட்ட ஜெபக்குறிப்பை மட்டும் நான் பார்த்ததே இல்லை. சாட்சி நேரத்தில் மைக் கைமாறிக் கைமாறிப் போகும். சுகம் கிடைத்தவர், வேலை கிடைத்தவர், வீடு கட்டியவர் எல்லோரும் எழுந்து சொல்வார்கள். ஆறு மாதமாக வேதத்தைத் திறக்க மனமில்லாதவர் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருப்பார்.

அப்படி உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்றால், உங்களிடம் கொஞ்சம் விலாவாரியாகப் பேச வேண்டும். இன்னொரு டீ சொல்லிக்கொள்வோம்.

முதலில் தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கே அடைமொழியாகிப்போன மனிதர். யோவான் சுவிசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் அவர் கதை இருக்கிறது. உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் இயேசு சீஷர்களுக்குத் தரிசனமானபோது தோமா அங்கே இல்லை. கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஆணிக் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிரசங்கத்தில் இங்கிருந்து நேரே அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள்: இயேசு வந்தார், தோமா அறிக்கையிட்டார், நாமும் காணாமல் விசுவாசிப்போம், ஆமென்.

நடுவில் எட்டு நாள் இருக்கிறது. அந்த எட்டு நாளில் என்ன நடந்தது என்று யோவான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருப்பதெல்லாம் எட்டு நாள் கழித்துச் சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார் என்பதுதான். யோசித்துப் பாருங்கள். கண்ணால் கண்டவர்களுக்கு நடுவில், காணாத ஒருவர். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் அவருக்கு வரவில்லை. நான் நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியும் ஆயிற்று. ஆனாலும் அவர் எழுந்து போய்விடவில்லை, அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. முதலில் நம்பிக்கை, அப்புறம் நுழைவு என்று அந்த வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. பிறகு இயேசு வந்து நின்றது அந்தக் கூட்டத்தின் நடுவில். அந்தச் சுவிசேஷத்திலேயே மிக உயர்ந்த அறிக்கை, இயேசுவை ஆண்டவரென்றும் தேவனென்றும் நேருக்கு நேர் அழைத்த அறிக்கை, இந்தச் சந்தேகக்காரர் வாயிலிருந்துதான் வந்தது. சென்னையில் பரங்கிமலையும் சாந்தோமும் யார் நினைவைச் சுமக்கின்றனவோ, அதே அப்போஸ்தலன்.

வேதாகமம் சந்தேகத்தை மூடி மறைக்கிற புத்தகம் இல்லை. நாம்தான் மறைக்கிறோம். மேசியாவை ஊருக்கே சுட்டிக்காட்டிய யோவான் ஸ்நானகன், சிறைக்குள் இருந்துகொண்டு, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்காக இயேசு கோபப்படவில்லை. கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனதும் கூட்டத்தாரிடம் யோவானைப் புகழ்ந்துதான் பேசினார். உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயாவின் மலைமேல் பணிந்துகொண்டவர்களிலேயே சிலர் சந்தேகப்பட்டதாக மத்தேயு தன் கடைசி அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். சங்கீதங்களில் அழுகையில் தொடங்குபவை பெரும்பாலும் துதியில் போய் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படி முடியவில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே நின்றுவிடுகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஆறுதலாக ஒரு முடிவை ஒட்ட வைக்கவில்லை. அப்படியே ஜெபப் புத்தகத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தச் சங்கீதத்தின்மேல் தனி மரியாதை.

சந்தேகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். படிப்பிலிருந்து வருகிற கேள்விகள் உண்டு: படைப்பு, பரிணாமம், மற்ற மதத்தாரின் கதி. கல்லூரிக்குப் போகிற பிள்ளை இவற்றைக் கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவை நல்ல புத்தகங்களும் கோபப்படாத ஒரு பெரியவரும்.

காயத்திலிருந்து வருகிறது வேறு. குழந்தைக்காக மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தும் குழந்தை இறந்துபோன வீட்டில் எழுகிற கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. அந்த வீட்டுக்குப் போய், உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கொடுமையான பேச்சு சபையில் இன்னொன்று இல்லை என்பது என் எண்ணம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து கடவுளுக்காக வக்காலத்து வாங்கத் தொடங்கியதும்தான் கெட்டது. கடைசியில் கடவுள் தீர்ப்புச் சொல்கிறபோது, அவர்கள் தம்மைக் குறித்துப் பேசியது சரியில்லை, தம்மோடு வழக்காடிய யோபு பேசியதுதான் சரி என்கிறார். 42-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. கேள்வியும் இல்லை, காயமும் இல்லை. வறட்சி. முன்பு ஜெபத்தில் இருந்த அருகாமை காரணமில்லாமல் போய்விடும். இதைப் பற்றிப் பேசினால் அன்னை தெரசாவைச் சொல்லாமல் முடியாது.

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகள் நடுவே போய் வாழும்படி தனக்கு அழைப்பு வந்ததாக அவர் சொன்னார். அதைத் தொடர்ந்த மாதங்களில் இயேசுவின் குரலைத் தெளிவாகக் கேட்டதாகவும் எழுதினார். 1948-இல் லொரேட்டோ மடத்தை விட்டுக் கொல்கத்தாவின் சேரிகளுக்குள் இறங்கினார். 1950-இல் அவர் தொடங்கிய துறவற சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. வேலை வேர்பிடிக்கத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே குரல் நின்றுபோனது. தனக்குள் பயங்கரமான இருள் இருக்கிறது என்று 1953-இல் பேராயர் பெரியேவுக்கு எழுதினார். 1958-இல் சில வாரங்கள் அந்த இருள் விலகியது. பிறகு திரும்பி வந்து, 1997-இல் சாகும்வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது. நோபல் பரிசு வாங்கிய 1979-இலும் உள்ளே அதே இருள்தான். இதெல்லாம் சில ஆன்ம குருக்களுக்கு மட்டுமே தெரியும். கடிதங்களை அழித்துவிடச் சொல்லி அவரே கேட்டிருந்தார். அவர்கள் அழிக்கவில்லை. 2007-இல் அவை புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. அவருக்கு விசுவாசமே இல்லாமல் போயிருந்தது என்று சிலர் எழுதினார்கள்.

நான் அப்படி வாசிக்கவில்லை. காய்ச்சல்காரக் குழந்தையை இரவெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற தாய்க்கு அந்த நேரத்தில் பாசம் பொங்குவதில்லை. தூக்கம்தான் கண்ணைச் சுழற்றுகிறது. அவளைப் பாசமில்லாதவள் என்று யாராவது சொல்வோமா? உணர்ச்சி அடங்கிய பிறகும் நடையை நிறுத்தாதவரிடம் விசுவாசம் இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

தெரசாவுக்குக் கை கொடுத்தவர் ஜோசப் நாய்னர், ஆஸ்திரியாவில் பிறந்து நம் நாட்டில் இறையியல் கற்பித்த இயேசு சபைக் குரு. 1961-இல் அவரிடம் தெரசா மனம் திறந்தார். நாய்னர் அவரிடம் பாவம் எங்கே என்று தேடவில்லை, ஜெபத்தைக் கூட்டச் சொல்லவும் இல்லை. இதற்கு மனிதர் கொடுக்கிற மருந்து கிடையாது, ஆகவே இது உன் குற்றம் என்று எண்ணாதே என்றார். கடவுளை உணர்வது மட்டுமே அவர் இருப்பதற்குச் சான்று ஆகாது. அவருக்காக இப்படி ஏங்குவதே அவர் மறைவாக இருப்பதற்கு அடையாளம் என்றார். கைவிடப்பட்டவர்களோடு வாழ வந்தவர், கைவிடப்பட்ட உணர்வையும் அவர்களோடு பகிர்கிறார் என்று விளக்கினார். இருள் போகவில்லை. ஆனால் அதோடு வாழ அவருக்கு வழி கிடைத்தது. பத்து வருஷத்துக்கும் மேலாகச் சுமந்த ஒன்று, ஒருவர் பதறாமல் காதுகொடுத்துக் கேட்டதால் சுமக்கத்தக்கதாக மாறியது.

தெரசா என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டது பிரான்சின் லிசியூ ஊர்க் கன்னிகை தெரேசாவின் நினைவாக. அந்தத் தெரேசாவும் 1896 ஈஸ்டர் முதல் 1897 செப்டம்பர் 30-இல் காசநோயால் 24 வயதில் இறக்கும்வரை இதே இருட்டில்தான் கிடந்தார். பரலோகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று உள்ளே ஒரு குரல் ஏளனம் செய்துகொண்டே இருந்ததாம். அதுவரை நாத்திகர்கள் மனசாட்சிக்கு விரோதமாகப் பேசுகிறார்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். தனக்கே அந்த இருள் வந்த பிறகுதான், விசுவாசம் உண்மையிலேயே இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, அவர்களைச் சகோதரர்கள் என்று எழுதினார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நீங்கள் இரத்தத்தால் எழுத வேண்டாம். உங்கள் சொந்த வார்த்தை வறண்டுபோனால் முன்னோர் விட்டுச்சென்ற வார்த்தைகளில் ஏறிக்கொள்ளலாம்: கர்த்தருடைய ஜெபம், ஒரு சங்கீதம், சிறுவயதில் மனப்பாடம் செய்த ஒரு பாமாலைப் பாட்டு. மனம் ஒட்டாவிட்டாலும் சொல்லுங்கள். அதை மாய்மாலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருள் எல்லாமே ஆவிக்குரிய சோதனை இல்லை. சில நேரம் அது வியாதி. இங்கிலாந்தில் வில்லியம் கௌப்பர் என்று ஒரு கவிஞர் இருந்தார். ஓல்னி என்ற சிற்றூரில், அடிமைக் கப்பல் மாலுமியாக இருந்து போதகரான ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாமாலைகள் எழுதியவர். 1773 தொடக்கத்தில் கடும் மனநோய் அவரைத் தாக்கியது. கடவுள் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவு கண்டார். அந்த நினைப்பு 1800-இல் இறக்கும்வரை அவரை விடவில்லை. அதன்பின் அவர் ஆலயத்துக்குப் போகவே இல்லை.

நியூட்டன் என்ன செய்தார்? கௌப்பரைத் தன் போதகர் இல்லத்திலேயே ஒரு வருஷத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். விவாதத்தால் அந்த எண்ணத்தைப் பிடுங்கிவிட முடியாது என்று தெரிந்ததும் கூடவே இருந்தார். தோட்ட வேலையும் தச்சு வேலையும் கௌப்பருக்குக் கொஞ்சம் ஆறுதல் கொடுத்தன. பிறகு மூன்று முயல்களை வளர்த்தார். புஸ், டைனி, பெஸ் என்று பெயர் வைத்து, அவை தூங்கத் தானே பெட்டிகள் செய்து கொடுத்தார். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பிய மனிதர், முயல்குட்டிகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கௌப்பருக்காக நியூட்டன் நம்பினார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அங்கே இயேசு தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனின் விசுவாசத்தைப் பற்றித் தனியாக ஒரு பேச்சும் இல்லை.

கௌப்பர் காலத்தில் சரியான மருந்து கிடையாது. இன்றைக்கு உண்டு. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், சாகலாமா என்ற நினைப்பு வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபக் கூட்டம் அதற்கு மாற்று இல்லை. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமும் இல்லை.

ஆகவே, கடைசி வரிசையில் இருப்பவரே, நம்ப முடியாவிட்டாலும் இடத்தைக் காலி செய்யாதீர்கள். ஒரே ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆயரிடம் சொல்ல முடியாவிட்டால், ரகசியம் காக்கிற ஒரு சிநேகிதரிடம் சொல்லுங்கள். உங்களைக் காயப்படுத்தியதே அந்தச் சபைதான் என்றால் வேறு சபைக்குப் போங்கள். அது கிறிஸ்துவை விட்டுப் போவதாகாது.

முன்வரிசையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில வாரமாக ஆலயத்தில் காணாத முகம் ஒன்று உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள். வசனம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். பழம் வாங்கிக்கொண்டு போய், அவர் பேசுகிறவரைக்கும் கூட உட்கார்ந்திருங்கள்.