என்ஜின்களுக்கு விடுமுறை விட்ட மலைச்சாலைகள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதனும் சனியும் காலை 9 மணி ஆகிவிட்டால், இத்தாலியின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு மலைச்சாலையில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. மாலை 5 மணி வரை அது நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் மட்டுமே சொந்தம். பெயர் அசியெட்டா சாலை. டுரின் நகருக்கு மேற்கே, சூசா, கிசோனே என்ற இரண்டு பள்ளத்தாக்குகளைப் பிரிக்கும் மலைமுகட்டை ஒட்டியே அது செல்கிறது. ஃபினெஸ்த்ரே கணவாய்க்குக் கீழே கிளை பிரிந்து, செஸ்த்ரியேரே ஊர் வரை சுமார் 35 கி.மீ. நீளம். அதில் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேல். அசியெட்டா கணவாயின் உயரம் 2,472 மீட்டர். தார் கிடையாது, மண்ணும் சரளைக்கல்லும்தான்.

இவ்வளவு உயரத்தில், ஊரே இல்லாத இடத்தில் எதற்குச் சாலை? பதில் போரில் இருக்கிறது. 1747 ஜூலை 19 அன்று, ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின்போது, இந்த முகட்டைப் பிடிக்க ஏறிவந்த பிரெஞ்சுப் படையை அதைவிடச் சிறிய பியெட்மான்ட் படை அடித்து விரட்டியது. பிரெஞ்சுத் தளபதியே களத்தில் மாண்டார். பின்னர் 1882-இல் இத்தாலி, ஜெர்மனியுடனும் ஆஸ்திரியா-ஹங்கேரியுடனும் கூட்டணி சேர்ந்தது. பிரான்ஸ் எதிர்ப்பக்கம் ஆனது. எல்லையோர மலைகளில் கோட்டைகளும் பாசறைகளும் எழுந்தன. அவற்றுக்குப் பீரங்கியையும் ரேஷனையும் கொண்டுசேர்க்க ராணுவப் பொறியாளர்கள் சாலை வெட்டினார்கள்.

கோவேறு கழுதையும் பீரங்கி வண்டியும் மூச்சிரைக்காமல் ஏற வேண்டும் என்பதால், செங்குத்தாக வெட்டாமல் வளைத்து வளைத்து, சரிவை மட்டுப்படுத்தியே அமைத்தார்கள். அந்த நிதானமான ஏற்றம்தான் இன்று சைக்கிள்காரர்களை இழுக்கிறது.

சரளைக்கு ஏற்ற சைக்கிள்

இத்தகைய சாலைகளில் மிதிக்க ஏற்ற கிராவல் பைக் என்ற வகை, பார்வைக்குப் பந்தய சைக்கிளைப் போலவே இருக்கும். வளைந்த ஹேண்டில்பாரும் உண்டு. வேறுபாடு டயரில். தார்ச்சாலை சைக்கிளுக்கு 25 முதல் 32 மி.மீ. அகலம் என்றால், இதற்கு 40 மி.மீ.க்கு மேலும் போகும். காற்றழுத்தத்தைக் குறைத்தே வைப்பார்கள். அப்போதுதான் டயர் கல்லின் மேல் துள்ளாமல் அணைத்துக்கொண்டு உருளும். நீண்ட ஏற்றத்துக்கான லேசான கியர், இறக்கத்தில் நம்பிக்கை தரும் டிஸ்க் பிரேக், பைகளை மாட்டுவதற்கான இடங்கள் என எல்லாமே நாள் முழுக்க மிதிப்பதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

ஆனால் சைக்கிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எதிரே ஒரு ஜீப் வந்துவிட்டால் கதை மாறிவிடும். தார்ச்சாலையில் வாகனம் கடந்துபோனால் சில நொடிகள் இரைச்சல், அதோடு சரி. கப்பி ரோட்டில் அப்படியில்லை. வண்டி போன பிறகும் புழுதி அடங்க நேரமாகும். மூச்சு வாங்க ஏறுபவரின் நெஞ்சுக்குள் போவது அந்தப் புழுதிதான். சக்கரம் தெறிக்கவிடும் கல் முழங்காலைப் பதம் பார்க்கும். அகலமோ ஒரு வண்டி போகும் அளவுதான். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. ஒதுங்க வேண்டிய பக்கம் பள்ளம். கோடையில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மோட்டார் சைக்கிள்களும் நாலு சக்கர வண்டிகளும் இங்கே ஏறுவதால், தடை இல்லாத நாட்களில் இந்தச் சங்கடம் அடிக்கடி நேரும்.

மூடிய நாளில் அதே சாலையின் குணமே வேறு. மர்மோட் என்ற மலை அணில் விசில் அடிப்பது தெளிவாகக் கேட்கும். மேய்ச்சல் மாடுகளின் கழுத்துமணி பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்தும் வந்துசேரும். குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோரும் பதற்றமின்றிச் சாலையின் நடுவே மிதிக்கலாம்.

ஜிரோ ஏறிய புழுதி

அசியெட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபினெஸ்த்ரே கணவாய், சரளைச் சாலைக்கு உலகப் புகழ் தேடித்தந்தது. உயரம் 2,178 மீட்டர். சூசா பக்கத்திலிருந்து ஏறினால் 18 கி.மீ.க்குச் சற்று மேல், சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கும் அதிகம். கடைசி 8 கி.மீ. அளவுக்குத் தார் இல்லை. 2005-இல் இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முதல்முறையாக இங்கே ஏறியது. 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் என்ற வீரர் இந்தப் புழுதியில்தான் மற்றவர்களை உதறிவிட்டு, சுமார் 80 கி.மீ. தனியாகப் பாய்ந்து பட்டத்தைத் தன் பக்கம் திருப்பினார். அன்று இதே ஏற்றத்தில் நிலைகுலைந்து, பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் பறிகொடுத்தவர் சைமன் யேட்ஸ். 2025-இல் அவரே மீண்டும் இங்கே வந்து, தாக்கி ஏறி, மறுநாள் ரோமில் கோப்பையை வாங்கினார்.

உப்பு போன வழி

வாரத்தில் இரண்டு நாள் வாகனங்களை நிறுத்தும் இதே ஏற்பாடு தெற்கே இன்னொரு சாலையிலும் உண்டு. லிகூரியக் கடற்கரை உப்பு பியெட்மான்ட் ஊர்களுக்குப் பொதியாக ஏறிப்போன பழைய வழிகளின் நினைவாக ஆல்டா வியா டெல் சாலே, அதாவது உயர உப்புப் பாதை, என்று அதற்குப் பெயர். லிமோனே பியெமோந்தேயிலிருந்து மோனேசி வரை ஏறத்தாழ 39 கி.மீ.; 1,800 முதல் 2,100 மீட்டர் உயரத்திலேயே பெரும்பாலும் ஓடுகிறது. இதுவும் ராணுவம் போட்ட சாலைதான். இத்தாலி, பிரான்ஸ் எல்லையை ஒட்டிச் செல்லும் இப்பாதை, 1947 சமாதான உடன்படிக்கையில் பிரான்சுக்குக் கைமாறிய நிலத்தையும் தொட்டுச் செல்கிறது.

இங்கே கோடையில் செவ்வாயும் வியாழனும் மோட்டார் வாகனங்களுக்குத் தடை. மற்ற நாட்களில் வருபவை கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. வழியெங்கும் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை நிலத்தடியில் இறங்கிவிடுவதால் ஊற்றுகள் அரிது. குடிநீரைக் கையோடு கொண்டுபோவது கட்டாயம்.

இந்த இரண்டு ஏற்பாடுகளிலும் பாராட்ட வேண்டியது, யாரையும் முழுதாக விரட்டவில்லை என்பதுதான். மோட்டார்காரர்களுக்கு அவர்கள் நாள், மிதிப்பவர்களுக்கு இவர்கள் நாள். புதிய பாலமோ சுரங்கமோ கட்டவில்லை, மலையை மறுபடி வெட்டவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஓர் அரசாணையும், நுழைவாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையுமே இதைச் சாதித்திருக்கின்றன.

போக நினைப்பவர்கள் பனி உருகிச் சாலை திறக்கும் கோடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவ்வாயன்று உப்புப் பாதை, சனியன்று அசியெட்டா என்று வைத்தால் ஒரே வாரத்தில் இரண்டையும் வாகனத் தொல்லையின்றி முடிக்கலாம். ஆல்ப்ஸில் பிற்பகலில் இடிமழை வழக்கம் என்பதால் விடியலிலேயே கிளம்புவது நல்லது. பஞ்சர் ஒட்டும் சாமான், மழைக்கோட்டு, கம்பளி உடை மூன்றும் பையில் இருக்கட்டும். நிலச்சரிவாலும் பராமரிப்பாலும் தேதிகள் மாறக்கூடும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் உத்தரவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.