இரவில் விளையும் பனி

பனிச்சறுக்கு என்றதும் ஆல்ப்ஸ் மலையையும் கொலராடோவையும் நினைத்துக்கொள்வது நமக்கு மட்டுமல்ல, அமெரிக்கருக்கும் வழக்கந்தான். அந்நாட்டின் தென்பகுதியில், புகையிலைக்குப் பேர்போன வட கரோலினா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் முதுகின்மேல், நவம்பரில் தொடங்கி மார்ச் வரையில் ஸ்கீ விளையாட்டு நடந்து வருகிறது என்று சொன்னால் வெர்மான்ட்காரர் புன்னகை செய்வார், கொலராடோக்காரர் வாய்விட்டே சிரிப்பார். அப்படிச் சிரிப்பவர்கள் ஒரு தடவை பேனர் எல்க் என்னும் சிற்றூருக்கு வந்து, அங்குள்ள ஷுகர் மவுண்டன் அடிவாரத்தில், பகலில் அல்ல, ஜனவரி மாதத்து நள்ளிரவில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சார்லட் நகரிலிருந்து மோட்டாரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பிரயாணம். சமவெளி முடிந்து மலை ஏற ஏற, இலையுதிர்ந்த ஓக் மரங்களின் பழுப்பு நிறமே இருபுறமும் வியாபித்திருக்கிறது. இடையிடையே கிறிஸ்துமஸ் மரத்துக்கென்று வரிசை பிடித்து வளர்க்கப்படும் ஃப்ரேசர் ஃபர் தோட்டங்களும், குளிர் மிகுந்தால் இலைகளைச் சுருட்டு மாதிரி சுருட்டிக்கொள்ளும் ரோடோடெண்ட்ரான் புதர்களும் மட்டுமே பச்சை. இந்தப் பழுப்பு மலைகளுக்கு நடுவே, திடீரென்று ஒரு திருப்பத்தில், ஒரே ஒரு மலையின் மேனியில் மட்டும் உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளைப் பட்டைகள் தென்படும்போது, புதிதாக வருகிறவர்கள் அது என்னவோ இயற்கைக்கு மாறான விஷயம் என்றுதான் எண்ணுவார்கள். எண்ணுவது சரியே.

உச்சி 5,300 அடி. அங்கிருந்து அடிவாரத்துக்கு 1,200 அடி இறக்கம். மேற்கத்திய மலைகளின் பெருந்தலங்களோடு வைத்துப் பார்த்தால் இது சொற்பம். ஆனால் தென்மலைகளின் கணக்கில் பெரியது என்று தாராளமாகச் சொல்லலாம். பனி இங்கே பெய்யாமலும் இல்லை. வடமேற்கே பேரேரிகளைக் கடந்து வரும் குளிர்காற்று இம்மலைகளின்மேல் மோதி எழும்பும்போது, ஈரத்தைப் பனியாக உதிர்த்துவிட்டுப் போகிறது. சராசரியாக ஆண்டுக்கு ஆறு அடிக்கும் மேல் விழுகிறது என்றாலும் விழுந்தது தங்குவதில்லை என்பதே சங்கடம். இரண்டு நாள் உறைந்து கிடக்கும். மூன்றாம் நாள் மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான காற்று புறப்பட்டு வந்து மழையாகக் கொட்டி, இருந்ததையெல்லாம் ஓடையில் அடித்துக்கொண்டு போய்விடும்.

இத்தகைய இடத்தில் ஸ்கீ தலம் அமைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்றால், அதற்குக் காரணம் விளையாட்டு மோகத்தைவிட ஜீவனோபாயமே என்று சொல்ல வேண்டும். காட்டு மரங்களை வெட்டி முடித்தாகிவிட்டது. ட்வீட்சி என்று செல்லமாக அழைக்கப்பட்ட மலை ரயில் பூன் நகருக்குப் போன பாதையை 1940-ஆம் வருஷத்து வெள்ளம் கொண்டுபோயிற்று. கோடைக்கு வரும் சீமான்கள் இலை உதிர்ந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனால், விடுதிகளுக்கு வசந்தம் வரை வேலை கிடையாது. 1961-ல் டாம் அலெக்ஸாண்டர் என்பவர் மேகி வேலியை அடுத்த காட்டலூச்சியில் தமது பண்ணை விடுதியோடு இணைத்து இம்மாநிலத்தின் முதல் ஸ்கீ தலத்தைத் திறந்தார். மறு வருஷம் புளோயிங் ராக் அருகே இன்னொன்று, 1967-ல் பீச் மவுண்டன், 1969-ல் ஷுகர் மவுண்டன் என்று வரிசையாக வந்தன. பீச் மவுண்டனை உருவாக்கிய க்ரோவர் ராபின்ஸ் என்பவர், குளிர்காலத்து நாற்காலி லிஃப்ட் கோடையில் சும்மா தொங்குவதைச் சகியாமல், ‘ஆஸ்’ என்ற கதையுலகத்தை மலையுச்சியில் மஞ்சள் செங்கல் பாதையோடு நிர்மாணிக்க ஏற்பாடு செய்தார். 1970-ல் அது திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் காலமாகிவிட்டார். பத்து வருஷம் நடந்து அதுவும் மூடிப்போயிற்று.

இனி, பனி விளைவிக்கும் கதைக்கு வருவோம். இது தெற்கத்தியர் கண்டுபிடித்ததல்ல. கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்கீ பலகை செய்து விற்ற மூன்று கூட்டாளிகள், வெய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி என்போர், பனியற்றுப் போன ஒரு குளிர்காலத்தில் சரக்கு விலைபோகாமல் தவித்து, 1950 மார்ச்சில் பெயின்ட் அடிக்கும் குழாயின் முனையையும் காற்றழுத்த யந்திரத்தையும் தோட்டத்து ரப்பர் குழாயோடு பொருத்தித் தண்ணீரை வானத்தில் பீச்சிப் பார்த்தார்கள். அது பனியாக விழுந்தது. அந்த வித்தையை அன்றாட விவசாயமாக்கிக்கொண்டவர்கள் இந்தத் தென்மலைக்காரர்கள்.

தண்ணீர் உறைய 32 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும் என்பது பாடப்புத்தகம். பனி செய்கிறவர்களோ வெறும் உஷ்ணமானியை நம்புவதில்லை. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈரக்குமிழ் வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டதா என்றுதான் விசாரிக்கிறார்கள். சித்திரை வெயிலில் வறண்ட காற்றடிக்கும்போது மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், கடலோரத்துப் புழுக்கத்தில் அதே பானை கைவிரிப்பதும் நாம் அறிந்தவையே அல்லவா? பீச்சப்பட்ட திவலையில் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விப்பதும் அதே தத்துவந்தான். ஆகையால் வறண்ட இரவு ஒன்று வாய்த்தால் உறைநிலைக்குச் சற்று மேலேயும் பனி விளைகிறது. பனிமூட்டம் கவிந்த இரவிலோ, கை விறைக்கும் குளிர் இருந்தும் குழாய்கள் மௌனம் சாதிக்கின்றன. ஓர் ஏக்கரை ஓரடி ஆழத்துக்கு மூட ஏறக்குறைய 1,60,000 முதல் 2,00,000 காலன் தண்ணீர் வேண்டும் என்பதால், குளத்திலிருந்து மலையுச்சிக்குத் தண்ணீரை ஏற்றும் பம்புகள் விடிய விடிய முழங்குகின்றன. பனித் துப்பாக்கிகளின் இரைச்சலுக்கு நடுவே, தலையில் விளக்கு கட்டிய ஆட்கள் ஒவ்வொன்றாகச் சென்று, சட்டைக் கையில் விழுந்த பொடியைத் தட்டிப் பார்த்து, ஈரம் மிகுந்திருந்தால் தண்ணீரைக் குறைத்து, காற்று திசை மாறினால் முனையைத் திருப்பி, வயலுக்கு மடை மாற்றுகிறவனின் கவனத்தோடு உலாவுகிறார்கள். பின்னர், குவிந்து கிடப்பதைச் சங்கிலிச் சக்கர வண்டிகள் தள்ளிச் சமன்செய்து, காலை வாடிக்கைக்காரர்களுக்காகச் சீப்பால் வாரியதுபோல் வரி வரியாக விட்டுவைக்கின்றன. இப்படிச் செய்த பனி, வானத்துப் பனியைவிட அடர்த்தி கூடியது, உருகவும் தாமதிப்பது. மேற்கத்தியர் இதை இகழ்கிறார்கள். வானம் கொடுத்ததன்மேல் சறுக்குகிறவனுக்கு இதன் அருமை தெரிய நியாயமில்லை.

பகல் கூட்டம் வேறு விதமான காட்சி. புளோரிடாவிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்திறங்கும் குடும்பங்களில் பாதிப்பேர் அன்றுதான் பனியை முதன்முதலாக மிதிக்கிறவர்கள். ஜீன்ஸ் கால்சட்டையோடு சறுக்கி, முழங்கால் வரை நனைந்து, அதைப் பொருட்படுத்தாமல் சிரிக்கிறார்கள். ‘ஈசி ஸ்ட்ரீட்’ என்ற ஆரம்பச் சரிவில், பலகைகளின் முனைகளைக் கூட்டி ‘பீட்சா’த் துண்டுபோல் வைத்தால் வேகம் குறையும் என்று ஆசிரியர்கள் குழந்தைகளுக்குச் சொல்லித்தர, குழந்தைகள் ஒரு நாழிகையில் கற்றுக்கொண்டு பெற்றோரைத் தாண்டிப் போகின்றன. 2015-ல் அமைத்த ஆறுபேர் அமரும் லிஃப்டில் உச்சிக்குப் போனால் தேர்ந்தவர்களுக்கு ‘டாம் டெரிஃபிக்’ என்ற செங்குத்தான சரிவு உண்டு.

இங்கே ரசக்குறைவான விஷயமும் ஒன்று உண்டு. மலையின் வரிவடிவத்தைக் கெடுத்து நிற்கும் பத்துமாடிக் குடியிருப்புக் கட்டடம் அது. எதிரேயுள்ள கிராண்ட்ஃபாதர் மவுண்டனிலிருந்து பார்த்தால் பார்வையைப் பிடித்து இழுக்கிறது. அதைக் கண்டு எழுந்த ஆட்சேபத்தின் பலனாக 1983-ல் மலைமுகடுகளைப் பாதுகாக்கும் சட்டத்தை மாநிலத்தார் இயற்றினார்கள். உயர்ந்த முகடுகளில் நெடுமாடிக் கட்டடங்கள் எழும்புவது அதோடு கட்டுப்பட்டது. சட்டத்துக்குக் காரணமான கட்டடம் மட்டும் க்ஷேமமாக நின்றுகொண்டிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு விளைவித்த பனிக்கு வாடிக்கை எப்போது சேர்கிறது என்பதோ மலையின் வசத்தில் இல்லை. சார்லட்டிலோ அட்லாண்டாவிலோ வீட்டு முற்றத்தில் நாலு விரற்கடை பனி விழுந்துவிட்டால் போதும், மறு சனிக்கிழமை வாடகை பூட்ஸுக்கு வரிசை வாசல் தாண்டி நீளும். நகரத்து முற்றம் பச்சையாக இருந்தால், மலையில் மூன்றடிப் பனி கிடப்பதாக விளம்பரம் செய்தாலும் நம்பி வருகிறவர்கள் குறைவு. மார்ச் பிறந்து ஊரில் மரங்கள் துளிர்த்ததும் ஜனங்களின் சிந்தை கடற்கரைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் திரும்பிவிடுகிறது. அப்போது சரிவுகளில் இன்னும் சில வாரங்களுக்குப் போதிய பனி படுகையாகக் கிடந்தாலும், சறுக்க ஆள் இல்லாமல் லிஃப்டை நிறுத்திவிடுகிறார்கள்.