இலை என்னும் சமையலறை: பிள்ளையின் கேள்விக்கு நாம் சொல்லும் விடை



"வாப்பா, மரத்துக்கு வாய் இல்லையே, அது எப்படிச் சாப்பிடும்?" நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இவ்வாறு கேட்பதை நம்மில் பலர் செவிமடுத்திருப்போம். கேட்பதற்கு இது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், இக்கேள்விக்குச் சரியான விடையைக் காண மனித குலத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் எடுத்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இக்கேள்விக்குப் பொதுவாக மூன்று விடைகள் கிடைக்கின்றன. "வேரால் மண்ணைச் சாப்பிடும், மகன்" என்பது ஒன்று. "அல்லாஹ் கொடுக்கிறான்" என்பது இரண்டாவது. "பெரிய வகுப்புக்குப் போனதும் படிப்பாய், இப்போது பேசாமல் இரு" என்பது மூன்றாவது. முதல் விடை பிழையானது. இரண்டாவது விடை நம் நம்பிக்கைப்படி உண்மையானது, ஆனால் பிள்ளை "யார் கொடுக்கிறான்?" என்று கேட்கவில்லை, "எப்படி?" என்றுதான் கேட்டது. அவன் எந்த வழியாகக் கொடுக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த விடை நிறைவு பெறும். மூன்றாவது விடையோ, கேட்கும் பழக்கத்தையே பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது.

அவ்வாறாயின் என்ன சொல்வது? முதலில் பெரியவர்களாகிய நாம் விளங்கிக்கொள்வோம்.

தாவரம் மண்ணை உண்டு வளர்கிறது என்றே பண்டைய கிரேக்க அறிஞர்களும் எண்ணினர். இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டில் வாழ்ந்த வான் ஹெல்மொண்ட் என்ற மருத்துவர் அதனைச் சோதித்துப் பார்த்தார். உலர்த்திய மண் 200 இறாத்தலை ஒரு பெரிய சாடியில் இட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வந்தார். முடிவில் மரம் ஏறத்தாழ 169 இறாத்தல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ் மட்டுமே! அவர் இறந்த பின்னர், 1648ஆம் ஆண்டில் இச்சோதனை நூலாக வெளிவந்தது. மரம் முழுவதும் நீரினால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அது பாதி உண்மையே. எஞ்சிய பாதி காற்றில் இருந்தது.

1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுதிரி எரிந்து அணைந்துபோன மூடிய பாத்திரத்தினுள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். சில நாட்களின் பின்னர் அதே காற்றில் மெழுகுதிரி மீண்டும் எரிந்தது. 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவர், தாவரத்தின் பச்சைப் பகுதிகளே இவ்வாறு காற்றைச் சீராக்குகின்றன, அதுவும் சூரிய ஒளி படும்போது மாத்திரமே என்று காட்டினார். இவ்வாறு நீர், காற்று, ஒளி, பச்சை நிறம் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தன. இதனையே பாடசாலையில் ஒளித்தொகுப்பு என்று கற்பிக்கின்றனர்.

இனி, பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? இவ்வாறு சொல்லலாம்:

"மகள், நமக்கு உம்மா சமைத்துத் தருகிறார். மரத்துக்குச் சமைத்துக் கொடுக்க யாரும் இல்லை. அதனால் அது தானே சமைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் இலையும் ஒரு சின்னச் சமையலறை. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய்கள் இருக்கின்றன. நாம் வெளியே விடும் மூச்சில் உள்ள ஒரு வாயு அவற்றின் வழியாக உள்ளே போகிறது. இலையில் இருக்கும் பச்சை நிறம் சூரிய வெளிச்சத்தைப் பிடித்து, தண்ணீரையும் அந்த வாயுவையும் சேர்த்துச் சீனி செய்கிறது. சமைக்கும்போது மிஞ்சும் நல்ல காற்றை மரம் வெளியே விடுகிறது. அதை நாம் சுவாசிக்கிறோம்."

ஐந்து வயதுக்கு இது போதும். பத்து வயதில் அந்த வாயுவின் பெயர் காபனீரொட்சைட்டு, வெளியே வருவது ஒட்சிசன், பச்சை நிறம் பச்சையம், சின்ன வாய்கள் இலைவாய்கள் என்று பெயர்களைச் சேர்த்துக் கொடுங்கள். விடயத்தை விளங்கிய பிள்ளைக்குப் பெயர்கள் சுமையாகத் தோன்றா.

இங்கு இரு விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, சமையலறை என்பது ஓர் உவமையே. அடுப்பு வெப்பத்தால் சமைக்கிறது. இலையோ ஒளியைக் கொண்டே உணவைத் தயாரிக்கிறது. "வெயில் சுட்டால் இலை வெந்துவிடாதா?" என்று பிள்ளை கேட்டால், இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். இரண்டாவது, நாம் இடும் பசளை தாவரத்தின் சோறு அன்று. கறிக்குச் சிறிதளவு உப்புத் தேவைப்படுவதைப் போல, தாவரத்துக்கும் மண்ணின் கனியுப்புகள் சிறிதளவு தேவைப்படுகின்றன. விறகு எரிந்த பின் அடுப்பில் எஞ்சும் ஒரு பிடி சாம்பலே பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்த பங்கு. மற்றவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. எரிந்ததும் காற்றுக்கே திரும்பிவிட்டன. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி காபன். அது முழுவதும் காற்றிலிருந்து இலை எடுத்தது. ஆனால் காற்றின் 10,000 பங்குகளில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 4 பங்குகளே உள்ளது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!

சொல்வதுடன் நின்றுவிடாமல் காட்டவும் வேண்டும். புல் தரையில் ஒரு பலகையை ஒரு வாரம் வைத்து, பின்னர் பிள்ளையையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளி இல்லாத இடத்தில் புல் பச்சை மங்கி வெளிறியிருக்கும். குளத்தில் வளரும் ஐதரில்லாக் கொடியின் ஒரு துண்டைத் தெளிந்த நீருள்ள போத்தலில் இட்டு, சிறிதளவு அப்பச்சோடாவும் சேர்த்து வெயிலில் வையுங்கள். வெட்டிய தண்டிலிருந்து சிறு குமிழிகள் எழும். நிழலுக்கு மாற்றினால் அவை குறையும். அக்குமிழிகளில் இருப்பது பெரும்பாலும் ஒட்சிசனே. மருந்துக்கடையில் கிடைக்கும் அயடீனில் ஒரு துளியை வெட்டிய உருளைக்கிழங்கின் மீது விட்டால், அது கருநீலமாகும். இலை செய்த சீனி மாப்பொருளாக மாறி அங்கே சேமிக்கப்பட்டிருப்பதற்கு அதுவே சான்று. சோதித்த கிழங்கை உண்ணக் கூடாது. இலையை மதுசாரத்தில் இட்டுச் செய்யும் சோதனையை வீட்டில் முயலாமல் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு விட்டுவிடுங்கள். மதுசாரம் எளிதில் தீப்பற்றும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சைக்காக ஒளித்தொகுப்பின் சமன்பாட்டை மனனம் செய்திருப்பீர்கள். "முற்றத்துப் பலா மரத்தின் இத்தனை நிறையும் எங்கிருந்து வந்தது?" என்று யாரேனும் கேட்டால், சற்றும் யோசியாமல் "மண்ணிலிருந்து" என்று சொல்லிவிடுவோர் நம்மில் எத்தனை பேர்? எழுதிய சமன்பாட்டுக்கும் முற்றத்து மரத்துக்கும் தொடர்பு இல்லாமற் போனமைக்குக் காரணம், சிறு வயதில் அக்கேள்விக்கு யாரும் விடை தராததுதான். உங்கள் தம்பி, தங்கை கேட்கும்போது நீங்கள் அந்தத் தவறைத் தொடராதீர்கள்.

பெற்றோர்களே, இதனை விளங்கிய பிள்ளைக்கு உணவுத் தட்டும் வேறாகத் தோன்றும். சோறு நெல்லின் இலை செய்தது. மரவள்ளிக் கிழங்கு அதன் இலை செய்து வேரில் சேர்த்து வைத்தது. கோழி தானியத்தைத் தின்றது. கடல் மீனின் உணவும் நீரில் வாழும் நுண்ணிய பாசிகளில் இருந்தே தொடங்கியது. தட்டில் எஞ்சும் ஒரு பிடி சோற்றின் பின்னால் எத்தனை இலைகளின், எத்தனை நாள் வெயிலின் உழைப்பு இருக்கிறது என்பதைப் பிள்ளை அறிந்துகொண்டால், "வீண்விரயம் செய்யாதே" என்ற நமது அறிவுரைக்குக் காரணமும் தானாகவே விளங்கும்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது கையிலுள்ள வேலையை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். முற்றத்துக்கு அழைத்துச் சென்று ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டுங்கள். உங்களுக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளை கேட்டால், "வா, இருவரும் தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.