சொட்டு மருந்துக் குப்பி சொல்லும் செய்தி

உங்கள் குழந்தையின் நாவில் விழும் இரண்டு சொட்டு போலியோ மருந்து எத்தனை கை மாறி வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மருந்து ஆலை, மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து ஐஸ் பெட்டியில் முகாமுக்கு. வழியில் ஓரிடத்தில் குளிர் தப்பினாலும் வீரியம் குன்றும். ஆனால், மருந்தைப் பார்த்து அதனை அறிய இயலாது.

முன்பு கிடங்குகளில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைத்தனர். அது பெட்டியின் நிலையைக் கூறியதேயன்றி, வழியில் குப்பி பட்ட பாட்டைக் கூறவில்லை. ஐயம் எழுந்தால் நல்ல மருந்தும் வீணாகக் கொட்டப்பட்டது.

1996இல் குப்பியின் மேலேயே ஓர் அடையாளம் ஒட்டப்படலாயிற்று. வட்டத்தினுள் வெளிர்நிறச் சதுரம் ஒன்று. வெப்பம் படப்பட அது கறுக்கும்; மீண்டும் வெளுக்காது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அம்மருந்தைப் புகட்டலாகாது.

எந்தக் கிடங்கைத் தாண்டியபின் சதுரம் கறுக்கிறதோ, பழுது அங்கேதான். அதனைச் சீர்செய்தால் போதும். எத்தனை குப்பிகள் அனுப்பினோம் என்ற கணக்கைவிட, எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்ற கணக்கே மேலானது.

2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் எந்தக் குழந்தையும் முடமானதில்லை. இச்சிறு சதுரத்திற்கும் அதில் பங்குண்டு.

அடுத்த முறை செவிலியரிடம், "குப்பியைச் சற்றுக் காட்டுங்கள் அம்மா" என்று கேளுங்கள். அந்த நீண்ட வழியின் கடைசிக் காவல் நீங்களே!