துள்ளும் சக்கரமும் டிஃபரன்ஷியல் தாங்கியும்

பின்சக்கர இழுவை வண்டி வேகமாகக் கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சுழல்வதோடு நிற்காமல் தடதடவென்று குதிப்பதே சக்கரத் துள்ளல். காரைக்காலில் மேடு பள்ளம் அரிது. ஆனால் துள்ளலுக்கு மேடு தேவையில்லை. கடற்காற்று தார்ச்சாலையில் பரப்பிவிட்ட மணலும், பின்பக்கம் பாரம் இல்லாத பிக்கப்பும் போதும்.

எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது, டிஃபரன்ஷியல் இன்னொரு 4 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், சக்கரங்களுக்குப் போவது 3200 நியூட்டன் மீட்டர். அதே அளவு முறுக்குவிசை டிஃபரன்ஷியல் கூட்டை எதிர்த்திசையில் முறுக்கி, அதன் மூக்கை மேலே தூக்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் இந்த முறுக்கைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள்தான். அவை ‘எஸ்’ வடிவில் வளைந்து கொடுக்கும், டயர் பிடி விட்டதும் விருட்டென்று நிமிரும், டயர் மறுபடி தரையைப் பற்றும், மறுபடி வளையும். இது நொடிக்குச் சுமார் பத்து தடவை நடப்பதுதான் காதில் விழும் தடதடப்பு. பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் கார்களில் டிஃபரன்ஷியல் வண்டியின் அடியில் ரப்பர் புஷ்களில் தொங்குவதால், அங்கே ஆடுவது டிஃபரன்ஷியலே. முன்பின் பிடிமானங்களுக்கு இடையே அரை மீட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் விழும் விசை 6400 நியூட்டன், ஏறத்தாழ 650 கிலோ எடை. பழைய ரப்பர் தளர்ந்துபோவதில் வியப்பில்லை.

ஆகவே, இந்த ஆட்டத்தைத் தடுக்க டிஃபரன்ஷியலை வண்டியோடு பிணைக்கும் தாங்கி ஒன்றைச் செய்யக் கிளம்புமுன் தேய்ந்த புஷ், தளர்ந்த யூ போல்ட், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் பார்ப்பதே முதல் வேலை. பல வண்டிகளுக்கு அதிலேயே நோய் தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், அட்டையில் அச்சு வெட்டி வண்டியடியில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளையே பற்றுமிடமாகக் கொள்வது நல்லது. வார்ப்பிரும்பு, அலுமினியக் கூடுகளில் நேரடியாக வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். 6 மில்லிமீட்டர் தகட்டில் பிடிகளும், தடித்த குழாயில் தண்டும் செய்து, வண்டியில் வைத்து ஒட்டுப்புள்ளி மட்டும் போட்டு, கழற்றி வெளியே எடுத்து முழு வெல்டிங் வைப்பது வழக்கம். ஏனெனில் பெட்ரோல் தொட்டி பக்கத்திலேயே இருக்கும் இடம் அது. எண்ணெய் வடிக்கும் திருகும் காற்றுத்துளையும் மறையக் கூடாது.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னச்சு ஏறி இறங்கும்போது வில்போல் ஒரு பாதையில் நகரும். தண்டும் அதே வளைவில் நகராவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, கடைசியில் பிடி முறியும். அதனால்தான் தண்டின் ஒரு முனையில் ஆடும் இணைப்போ ரப்பர் முட்டோ வைக்கிறார்கள். கார் டிஃபரன்ஷியலுக்கும் முழு இரும்புத் தாங்கி போடலாம். ஆனால் பல்சக்கர இரைச்சல் முழுவதும் உள்ளே கேட்கும். பந்தயக் காருக்கு அது பரவாயில்லை, வீட்டுக் காருக்கு பாலியூரித்தேன் புஷ்ஷே தாராளம்.

வயலில் ஓடும் டிராக்டருக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதன் பின்னச்சுக்குப் பொதுவாக ஸ்பிரிங்கே கிடையாது. துள்ளினால் துள்ளுவது டயரின் காற்றுதான். எடைக்கட்டியையும் காற்றழுத்தத்தையும் மாற்றிப் பார்ப்பதே அதற்கு வழி.

பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சேசிஸை வெட்டி ஒட்டுவதைவிட, வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய போல்ட் தாங்கி எல்லா வகையிலும் மேல்.

உப்புக்காற்று ஊரில் குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்த பிறகு, அதன் இரு முனையையும் அடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வண்டியை ஒருமுறை தூக்கி, வெல்டிங் ஓரத்தில் துரு பிடித்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து முறுக்கிவிட வேண்டும்.