இணையப் பக்கத்தைச் சமைப்பது யார்?

மாணவர்களே, கைப்பேசியில் நாம் திறக்கும் இணையப் பக்கம் முழுமையாக உருவாகி நம்மிடம் வருவதில்லை. எழுத்து, படம், நிரல் என ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக வருகிறது. சந்தையில் வாங்கிய பொருள்களை வீட்டில் சமைப்பதுபோல, கைப்பேசியிலுள்ள உலாவி அவற்றைச் சேர்த்துப் பக்கமாக்குகிறது. இதற்கு நினைவகம், மின்கலம், இணையத் தரவு மூன்றும் செலவாகின்றன.

2005ஆம் ஆண்டில் பெரும்பாலான கைப்பேசிகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. நினைவகம் குறைவு; இணைப்பும் மெதுவு. நார்வேயின் ஓபரா நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. சமையல் வேலையைக் கைப்பேசியிலிருந்து எடுத்துத் தன் சர்வரிடம் கொடுத்தது. அவ்வாண்டு நார்வேயில் அறிமுகமான ஓபரா மினி உலாவி, 2006 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் வந்தது.

இதில் கைப்பேசி தன் வேண்டுகோளை ஓபராவின் சர்வருக்கு மட்டுமே அனுப்பும். சர்வர் அந்த இணையத்தளத்திலிருந்து எல்லாக் கோப்புகளையும் எடுத்து, படங்களைச் சுருக்கி, பக்கத்தை அமைத்து, ஒரே பொட்டலமாகத் திருப்பி அனுப்பும். தரவு 90 விழுக்காடு வரை குறையலாம். அதாவது, 1 மெகாபைட் பக்கம் ஏறக்குறைய 100 கிலோபைட்டாகச் சுருங்கலாம். தொலைவிலுள்ள சர்வர்களின் ஆற்றலை இணையம்வழி பயன்படுத்துவது மேகக் கணிமை. அதனால் இவை மேக உலாவிகள் எனப்படுகின்றன.

இதில் குறைகளும் உண்டு. நிரல் சர்வரில் இயங்குவதால், பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். விளையாட்டு, நகரும் வரைபடம் போன்றவை இதனால் தடுமாறும்.

இதைவிடப் பெரிய கேள்வி தனியுரிமை பற்றியது. சமைப்பவருக்கு நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பது தெரியும் அல்லவா? வங்கித் தளத்தைச் சாதாரண உலாவியில் திறந்தால், நம் கைப்பேசிக்கும் வங்கிக்கும் இடையே செல்லும் தகவல் மறையாக்கம் செய்யப்படுகிறது. வழியில் யாரும் அதைப் படிக்க முடியாது. ஆனால், படிக்க முடியாத பக்கத்தைச் சர்வரால் சுருக்க முடியாது. ஆகவே பக்கம் முழுவதையும் சர்வரே அமைக்கும் முறையில், மறையாக்கம் நடுவில் ஒருமுறை பிரிக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படுகிறது. பிரிக்கப்படும் அந்த நேரத்தில் கடவுச்சொல்லும் சர்வரின் பார்வைக்கு வந்துவிடும்.

2011இல் அமேசான் தன் சில்க் உலாவியைக் கொண்டுவந்தபோது இதே கேள்வி எழுந்தது. மறையாக்கம் செய்த பக்கங்கள் தன் சர்வர்வழியே செல்லாமல் நேராகவே செல்லும் என்று அந்நிறுவனம் விளக்கியது. பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் அந்தப் பக்கங்களுக்குச் சுருக்கத்தின் பயன் கிடைக்கவில்லை.

தரவு குறைவாக இருக்கும்போது செய்தியும் கட்டுரையும் படிக்க மேக உலாவி நல்ல துணை. கடவுச்சொல்லோ வங்கி விவரமோ தட்டச்சு செய்யுமுன் தரவுச் சேமிப்பு வசதியை நிறுத்திவிடுங்கள். அல்லது வேறு உலாவிக்கு மாறிக்கொள்ளுங்கள்.