கொல்லைக்கு வந்த வல்லூறு

வல்லூறு வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். முருங்கைக் கிளையில் அணில் வாலை உதறிக்கொண்டு விடாமல் கத்தும். சருகைப் புரட்டிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் ஒரே இரைச்சலாகக் கிளம்பி வேலிப் புதருக்குள் போய் விழும். அதன் பிறகு சத்தமே இருக்காது. நொய்யும் கம்பும் போட்ட மண்சட்டி கேட்பாரற்றுக் கிடக்கும். வெகுநேரம் கழித்துத் துணிச்சல்கார மைனா ஒன்று மட்டும் இறங்கி வந்து நோட்டம் பார்க்கும்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பறவைக்குத் தீனி வைப்பது யாரும் புதிதாகக் கற்றுக்கொண்ட பழக்கம் அல்ல. காலையில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பார்கள். அறுவடையானதும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசல் உத்திரத்தில் தொங்கவிடுவார்கள். ஓட்டு வீடுகள் போய் மச்சு வீடுகள் வந்த பிறகு கதிர் தொங்கவிட உத்திரம் இல்லை, சிட்டுக்குருவி கூடு வைக்கச் சந்தும் இல்லை. அந்தக் குறையைத்தான் இப்போது கொல்லைப்பக்கத்துச் சட்டியும், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் குடமும், கடையில் வாங்கிய கம்பிக்கூண்டும் ஈடுகட்டப் பார்க்கின்றன. சொர்ணவாரியோ சம்பாவோ அறுத்த கையோடு வயலெல்லாம் நெல் சிந்திக் கிடக்கும் நாட்களில் சட்டியைச் சீண்ட ஆளிருக்காது. ஏரி வற்றி வயல் பாளம் பாளமாக வெடித்த கோடையில் புள்ளிப்புறா, மைனா, கொண்டைக்குருவி, அணில் என்று ஊரே இங்கு கூடிவிடும். வல்லூறு கூடு கட்டி மூன்று நான்கு முட்டை இட்டுக் குஞ்சு வளர்ப்பதும் கோடையில்தான். அதன் கணக்கில் நாம் வைத்திருப்பது தானியம் அல்ல, புறாவும் மைனாவும்.

வளைந்த அலகோடு எது வந்தாலும் பருந்து என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். வானத்தில் வட்டமடிப்பது, வால் நுனி பிளந்திருப்பது, கருவாட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் வருவது எல்லாம் கரும்பருந்து. வல்லூறு அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. புறா அளவுதான் உடம்பு. முதுகு சாம்பல் நிறம், வெள்ளை மார்பில் செங்கல் நிறத்தில் குறுக்குக் கோடுகள். ஆணுக்குச் சிவந்த கண், பெண்ணுக்கு மஞ்சள் கண். உடம்பில் பெரியது பெண். இறக்கை குட்டை, வால் நீளம். கிளைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து துரத்துவதற்கென்றே அமைந்த உடம்பு. வேப்பமரத்தின் இலை மறைவில் உட்கார்ந்திருக்கும். சட்டென்று தாழப் பறந்து வரும், இறக்கையை நாலு தட்டு தட்டி ஒரு வழுக்கு வழுக்கும். அவ்வளவுதான், வேலை முடிந்தது, அல்லது வீணாய்ப் போனது.

பெரும்பாலும் வீணாய்ப் போவதுதான் நடக்கும். இந்தச் சாதிப் பறவைகளின் பாய்ச்சல்களில் பாதிக்கு மேல் வெறுங்காலோடு திரும்புபவை. ஓணான், எலி, வெட்டுக்கிளி, தும்பி என்று கிடைத்ததைத் தின்றுதான் அது வயிறு வளர்க்கிறது. அப்படியானால் சட்டி ஏன் மணிக்கணக்கில் வெறிச்சோடுகிறது? செத்த புறாவைவிடப் பயந்த புறாக்கள்தான் இங்கே பெரிய விஷயம்.

இந்தப் பயத்தை அளந்து பார்த்தவர்கள் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கடலோரத் தீவுகளில் வாழும் ஒரு குருவியினத்தை லியானா சானெட் குழுவினர் ஆராய்ந்தார்கள். கூடுகளைச் சுற்றி மின்வேலியும் வலையும் போட்டு நிஜ எதிரி எதையும் அண்டவிடவில்லை. எதிரிகளின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார்கள். ஒரு குருவிக்கும் கீறல் விழவில்லை. ஆனாலும் அந்தப் பருவத்தில் அவை வளர்த்து ஆளாக்கிய குஞ்சுகள் 40 சதவீதம் குறைந்துபோயின. 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. சத்தத்துக்கே இந்தப் பாடு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் பூச்சிமருந்தின் நஞ்சு ஏறி வல்லூறின் உறவான சிட்டுப்பருந்துகள் 1960-களில் பல ஊர்களில் அற்றுப்போயின. அந்த வருடங்களில் அங்குள்ள பட்டாணிக்குருவிகள் எடை போட்டன. கேடுகெட்ட மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டுச் சிட்டுப்பருந்துகள் திரும்பியதும் குருவிகள் மறுபடி இளைத்தன. 1995-ல் ஆண்டி கோஸ்லரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் காட்டிய விவரம் இது. கொழுத்த குருவியால் விருட்டென்று எழும்ப முடியாது. துரத்த ஆள் இருந்தால் தின்பதிலும் கணக்கு வந்துவிடுகிறது. நாம் பாவம் பார்த்து வைத்த தீனியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவது அவற்றுக்குக் கெடுதல் என்றே நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடத் தெரிந்த புறாக்கள்தானே நாளைக்கும் வரப்போகின்றன?

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனும் அதே கொல்லையில் இருக்கிறான். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், நம் ஊர் இரட்டைவால் குருவி, வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும். மைனாக்கள் கிண்டிய புழுவைப் போட்டுவிட்டுப் பறக்கும். கரிச்சான் இறங்கி வந்து அதைச் சாவகாசமாக எடுத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் கலகாரி பாலைநிலத்தில் இதன் உறவுக்காரப் பறவையைப் பின்தொடர்ந்த டாம் ஃப்ளவர், அன்றாட இரையில் கிட்டத்தட்ட கால்பங்கை அது இப்படிப் பொய் சொல்லித் திருடியே சம்பாதிக்கிறது என்று கண்டார். நிஜ வல்லூறு வந்தால் முதலில் துரத்திக்கொண்டு பறப்பதும் இதே கரிச்சான்தான் என்பதால், ஏமாந்த மைனாக்களுக்கு இதை நம்பாமலும் முடிவதில்லை.

இன்னொருவர் வேஷக்காரர். அக்காக்குயில், நிறத்திலும் வால் பட்டையிலும் பறக்கும் விதத்திலும் அசல் வல்லூறு மாதிரியே வந்து உட்காரும். குருவிகள் கலைந்து ஓடும். தவிட்டுக்குருவிக் கூட்டில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகிற பறவை அது. ஆகவே சட்டி காலியானதும் வல்லூறைத் திட்ட வேண்டியதில்லை. வந்தது யாரென்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னால், “குருவியத் தூக்கினா அது பாடு, குருவி பாடு. எங் கோழிக்குஞ்சத் தூக்கினா கல்லாலதான் அடிப்பேன்” என்பார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை வல்லூறு. அடிப்பதும் பிடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். கவணும் வெடியும் ஊர்ப்பக்கம் இன்னும் சகஜம்தான். உத்திரமேரூரிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய வேடந்தாங்கலில், பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்.

பிணம் தின்னும் பறவைக்கும் இலை போட்ட ஊரும் இந்தப் பழைய செங்கல்பட்டுச் சீமையில்தான் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் மலைமேல் உச்சிவேளையில் குருக்கள் பொங்கலோடு காத்திருப்பார். மஞ்சள்முகப் பாறுகள் இரண்டு வந்து தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்து வருகின்றன என்று ஜனங்கள் நம்பினார்கள், பார்க்கவென்றே கூட்டம் மலையேறியது. 1998-க்குப் பிறகு அவை வருவதில்லை. குருவிக்கு மட்டும்தான் தர்மம் என்ற எண்ணம் நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சிபியின் கதையையும் நாம் எப்போதும் புறாவின் பக்கம் நின்றே கேட்டிருக்கிறோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் ஊர் உத்திரமேரூர். அந்தச் சோழர்கள் தங்கள் முன்னோன் என்று உரிமை கொண்டாடியவன் சிபி. துரத்தி வந்த பறவையை அவன் விரட்டிவிடவில்லை. ‘இது என் இரை’ என்ற அதன் வழக்கை ஒப்புக்கொண்ட பிறகுதான் சதையை அறுத்துத் தராசில் வைத்தான்.

அதற்காக யாரும் தொடையை அறுக்க வேண்டாம், தீனியை நிறுத்தினால் போதும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வீட்டுத் தோட்டங்களில் தீனி வைப்பவர்கள் எழுதிவைத்த 20 வருடக் குறிப்புகளை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தீனி வைத்த இடங்களில் கால்பங்கில் மட்டும் தென்பட்ட வல்லூறு வகைப் பறவைகள், பிறகு மூன்றில் இரண்டு பங்கு இடங்களுக்குப் பரவியிருந்தன. மரம் இருக்கிறதா, கட்டடம் இருக்கிறதா என்று அவை பெரிதாகப் பார்க்கவில்லை, இரை கூடும் இடத்தைப் பார்த்தன. அப்படியென்றால் கூட்டத்தைக் கலைத்தால் வல்லூறும் இடம் மாறும். ஒரு வாரம் சட்டியைக் கழற்றி வையுங்கள். குருவிகள் பட்டினி கிடக்காது, வேறு வீடு பார்க்கும். திரும்ப மாட்டும்போது வெட்டவெளியில் மாட்டாமல், களாச்செடியோ இலந்தையோ இருக்கும் முள்வேலிக்கு நாலு எட்டுத் தள்ளி மாட்டுங்கள். ஓடி ஒளிய அந்தத் தூரம் சரியாக இருக்கும். வேலியை ஒட்டியே வைத்தால் பூனை பதுங்கும். ஒரே சட்டியில் கொட்டுவதைவிட இரண்டு மூன்று இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் இறைப்பது நல்லது. உப்புப் போட்ட மீந்த சோறு வேண்டாம். தண்ணீர்ச் சட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் எல்லோருக்கும் தாகம்தான்.

ஆயாவின் கோழிக்குஞ்சுகளுக்கு வழி இன்னும் சுலபம். இறகு முளைத்துத் தேறும் வரை பகலில் பழைய மீன்வலையை நாலு கழியில் கட்டி அதற்குக் கீழே விட்டால் வல்லூறு, கரும்பருந்து, காக்கை மூன்றுக்கும் சேர்த்து ஒரே காவல். குஞ்சைத் தூக்குவதில் மேலே இருந்து வருகிறவர்களைவிட வேலிக்கு அடியில் நுழைகிற கீரிக்குத்தான் பங்கு அதிகம் என்று ஆயாவே ஒப்புக்கொள்கிறார். அதனால் வலையின் ஓரத்தை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும்.